பச்சைத் தண்ணீரில் புது எண்ணெய்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கார்ப் பட்டறையின் தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. வழியில் சூடேறி நின்றுபோன காரின் பானெட் திறந்து கிடக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகும் மாதவியின் முகத்தில் அனல் அடிக்கிறது. மெக்கானிக் கமலநாதன் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தொட்டிக்குள் டார்ச் அடிக்கிறார். பச்சை நிறத் தண்ணீரின்மேல் எண்ணெய் ஆடை கட்டியிருக்கிறது. "எஞ்சின் போச்சா அண்ணே?" அவள் குரல் இறங்குகிறது. "இருங்கம்மா." எஞ்சினிலிருந்து ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைக்கிறார். கறை கன்னங்கரேலென்று விழுகிறது. பிறகு தொட்டியில் விரலை நனைத்து வெளிச்சத்தில் காட்டுகிறார். விரல் நுனியில் தேன் நிறம். "எஞ்சின் ஆயில் கறுப்பு. இது ஓடாத புது ஆயில். கசியல லா, எஞ்சின்ல ஊத்த வேண்டியத யாரோ இதுல ஊத்தியிருக்காங்க. யாரு?"

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் மாமனார் சபாபதி உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டியவர். இன்று காலை, "நான் பாத்துக்கறேம்மா" என்று பானெட்டைத் திறந்தவர் அவர்தான். இப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

"நான்தான் அண்ணே," என்கிறாள் மாதவி. "அவசரத்துல பாக்காம ஊத்திட்டேன்."

"பாத்து ஊத்தக் கூடாதாம்மா? சரி, நாலஞ்சு தடவ கழுவுனா போயிரும் லா." கமலநாதன் சிரித்தபடி தண்ணீர்க் குழாயை இழுத்துவரப் போகிறார்.

கொமுட்டர் ரயில் ஒன்று கடந்து, ஓசை அடங்குகிறது. சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வருகிறார். தன் சாவிக்கொத்தின் வளையத்தை நகத்தால் நெம்பி, காரின் மாற்றுச் சாவியைக் கழற்றி, மருமகளின் உள்ளங்கையில் வைக்கிறார்.