பன்னிரண்டு பேட்டி

மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியது கீர்த்தனாவின் முனைவர் பட்ட ஆய்வு. வடமதுரைப் பக்கம் போய்ப் பதிவு செய்த பேட்டிகளை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு அருகே ரூபியக்காவின் கடையில் டைப் அடிக்கக் கொடுத்திருந்தாள்.

“பன்னெண்டு பிள்ளைகளும் ஒண்ணுபோலத்தான் சொல்லுதுங்க, ஒரு குறையும் இல்லன்னு” என்றாள் ரூபி.

“அதான்க்கா வேணும். புதுசா எதுவும் வரலைன்னா பேட்டியை நிறுத்திக்கலாம். திங்கக்கிழமை சப்மிட் பண்ணிருவேன்.”

“சிரிப்பு, இருமலைக்கூட அடைப்புக்குறிக்குள்ள போடச் சொன்னியே. பன்னெண்டுலயும் ஒரு சாவிக்கொத்து சத்தம் வருது. அதையும் போடவா?”

“அது வார்டன் அக்காவோடது. பாவம், ஒவ்வொரு பிள்ளையா அவுகதான் கூட்டிட்டு வந்து, பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து…”

கீர்த்தனா ஹெட்போனை வாங்கி மாட்டினாள். “சாப்பாடு எப்படி?” என்று அவள் குரலே கேட்டது. சாவி குலுங்கியது. அதன் பிறகுதான் பதில் வந்தது.

“முதல் பக்கம் சரியான்னு பாத்துரு” என்று ரூபி தாளை நீட்டினாள்.

‘பேட்டியளித்தவர்கள்: 12’ என்றிருந்தது.

கீர்த்தனா பேனாவை எடுத்து, அதில் ‘2’ என்ற இலக்கத்தை மட்டும் கோடு போட்டு அடித்தாள். ‘1’ மிஞ்சியது.