எழுபத்தேழின் பலகை

மழையால் பந்தயம் நின்று நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. டெரன்ஸ் பாஸ்கோவின் வாய் மட்டும் நிற்கவில்லை.

கார்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ஹார்ட்லி ஹீத் பந்தயத் தடத்தில், குடை பிடித்துக்கொண்டு சாண்ட்விச் தின்கிற கூட்டத்தைத் தவிர கேமராவுக்கு வேறு தீனி இல்லை. டெரன்ஸ் அதற்கும் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். நீலக் குடைக்காரர் கழிப்பறைத் திருப்பத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டாராம்.

அவர் காரோட்டியது ஆறு வருடம். ஜெயித்த பந்தயம் ஒன்றுகூட இல்லை. தொலைக்காட்சியில் வர்ணனை சொல்ல வந்து நாற்பது வருடம். இதில் தோற்ற பந்தயம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி அறைக்குள் தேநீரும் கையுமாக உட்கார்ந்து, உலக சாம்பியன்களையே பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிடுவார்.

நேயர்கள் பொறுத்துக்கொண்டார்கள். எல்லாம் எழுபத்தேழின் புண்ணியம்.

அந்த வருடம் இதே தடத்தில், இதே மாதிரி மழையில், கடைசிக்கு முந்தின சுற்றுவரை டெரன்ஸ்தான் முதலில் இருந்தார். காதில் ரேடியோ எல்லாம் வராத காலம். அணிக்காரர்கள் சுவரோரம் நின்று பலகையில் எழுதிக் காட்டுவதுதான் சேதி. முதலாளி ஆல்ஃபி க்ரௌச்சர் 'மெதுவாகப் போ' என்று பலகை காட்டினார். அதே அணியின் ராய் கெம்ப் பின்னாலிருந்து வந்து ஜெயித்தான். டெரன்ஸ் கனவானைப்போல விட்டுக்கொடுத்தார்.

இந்தக் கதையை அவர் கல்யாண விருந்துகளில் சொல்லியிருக்கிறார். இரண்டு சவ அடக்கங்களிலும் சொல்லியிருக்கிறார். மூன்று மனைவிகளிடம், அந்தந்தக் காலத்தில், தனித்தனியாகச் சொல்லி மூவரையும் அழவைத்திருக்கிறார்.

கதையில் ஒரே ஒரு குறை. அது பொய்.

அவர் எந்தப் பலகையையும் பார்க்கவில்லை. சேப்பல் வளைவில் கார் லேசாக ஆட்டம் கண்டது. பயந்துபோனார். கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்துகொண்டது. ராய் பக்கவாட்டில் பறந்து போனான். அவ்வளவுதான் நடந்தது.

பந்தயம் முடிந்து ஒரு நிருபர் மைக்கை நீட்டியபோது, பலகைக் கதை சரளமாக வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற க்ரௌச்சர் அதைக் கேட்டும் மறுக்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தபடி நகர்ந்துவிட்டார்.

என்ன ஒரு பெருந்தன்மை! செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிற மனுஷனுக்கு டெரன்ஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பாட்டில் விஸ்கி அனுப்பிவந்தார். இதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இங்கிலீஷ்காரர்கள் அல்லவா, வானிலையைத்தான் பேசினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சக வர்ணனையாளர் ஹேசல் டன் திடீரென்று குதூகலமானாள்.

"டெரிக்குத் தெரியாம ஒரு பொக்கிஷம் ஒளிச்சு வச்சிருக்கோம்! எழுபத்தேழுல அணிச் சுவர்லருந்து எடுத்த ஃபிலிம் சுருள், யாரோட பரண்லயோ கெடந்துச்சு. அந்தப் பலகையை இன்னிக்கு எல்லாரும் பார்க்கப்போறோம்!"

தேநீர் டெரன்ஸின் சட்டையில் கொட்டியது.

பலகையில் என்ன இருக்கும்? 'இன்னும் இரண்டு சுற்று' என்று இருக்கும். அதைத்தான் நாடே பார்க்கப்போகிறது. பிழைப்பு, பெயர், மூன்று மனைவிகளின் கண்ணீர் எல்லாம் இன்னும் பத்து விநாடியில் போய்விடும். நாளையிலிருந்து யாரைப் பயந்தாங்கொள்ளி என்பது?

திரையில் மழை. சுவர். தலை நரைக்காத க்ரௌச்சர் பலகையை உயர்த்தினார்.

டெரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ பாவமே" என்று ஹேசல் சொன்னது கேட்டுத் திறந்தார்.

பலகையில் அவருடைய கார் எண். அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'மெதுவாகப் போ'. தண்ணீரை வாரியடித்துக்கொண்டு அவருடைய கார் அதைத் தாண்டிப் போனது.

படம் விருந்தினர் கூடாரத்துக்கு மாறியது. தொண்ணூற்றொரு வயது க்ரௌச்சர் சக்கர நாற்காலியில் அழுதுகொண்டிருந்தார்.

"ராய் ஜெயிச்சாத்தான் அடுத்த வருஷம் அணியே இருக்கும்னு நிலைமை. பெரிய பாவம் பண்ணிட்டேன். அவன் ஒரு வார்த்தை திட்டல. வருஷா வருஷம் பாட்டில் அனுப்பி என்னை மன்னிச்சுக்கிட்டே இருக்கான்."

 டெரன்ஸின் பொய் தப்பித்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பார்க்காத உத்தரவு யாரைத் தடுக்கும்? அன்று அந்த ஒரு வளைவில் பயப்படாமல் இருந்திருந்தால் நேரே போய் ஜெயித்திருப்பார். வாழ்நாளில் ஒரு தடவை. குறுக்கே நின்றது அவருடைய கால் மட்டும்தான்.

"சொல்லுங்க டெரி," என்றாள் ஹேசல், கண் கலங்க. "பலகையைப் பார்த்த அந்த நிமிஷம் மனசுல என்ன ஓடுச்சு?"

நாற்பத்திரண்டு வருடமாக உள்ளே கிடந்தது, அவரைக் கேட்காமலே வெளியே வந்தது.

"பலகையை நான் பார்க்கவே இல்ல ஹேசல். பயந்துபோய்க் காலை எடுத்துட்டேன்."

ஹேசல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கூடாரமே சிரித்தது. க்ரௌச்சர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

காதில் இயக்குநரின் குரல் கேட்டது. "பிரமாதம் டெரி! மழை இன்னும் விடல. இதே மாதிரி ஒரு பத்து நிமிஷம் அடிச்சு விடுங்க."