இரண்டாவது கையெழுத்து

எட்டு நாற்காலி போட்ட அறையில் புரோகிராமர் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார். மற்ற ஏழு பேரும் வேலையை விட்டுப் போனபின், அவர்களைவிட அவர்களுடைய நாற்காலிகள் இவர் பேச்சை மரியாதையாகக் கேட்கின்றன. மூன்று மணி வெயில் திரையில் விழுந்து, பதினோரு வருஷத்துக்கு முன் இவரே எழுதிய வரியை மறைக்கப் பார்க்கிறது. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பாதி, கோப்புகளை அடுக்கிவைக்க இந்த நிரலைத்தான் நம்பியிருக்கின்றன. அது கோப்பின் பெயருக்கு இருநூற்றைம்பத்தைந்து எழுத்து இடம் ஒதுக்கிவிட்டு, வருகிற பெயரை அளக்காமலே உள்ளே கொட்டுகிறது. விஷமக்காரன் ஒருவன் நீளமாகப் பெயர் வைத்தால் போதும். அது வழிந்து பக்கத்து நினைவகத்தில் ஏறி, வீட்டுக்காரன் மாதிரி அதிகாரம் பண்ணும். அளக்கும் வரியை இன்று எழுதிவிட்டார். இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் அது நிரலுக்குள் போகாது. ஒப்புதல் தரக்கூடியவர்கள் பட்டியலில் மிஞ்சியிருக்கும் ஒரே பெயர், வேலையை விட்டு டயர் கடை வைத்துவிட்ட மச்சானுடையது.

“அனுப்பு மாப்ளே, ஓகே பட்டனை அமுக்கிடறேன்.” போனில் காற்றடிக்கும் சத்தம்.

“படிச்சுட்டு அமுக்குங்க மச்சான்.”

“உன்னை நம்பாமலா?”

“போன தடவையும் நம்பித்தான் அமுக்கினீங்க. ஓட்டை அப்பதான் உள்ள போச்சு.”

காற்றடிக்கும் சத்தம் நிற்கிறது. “கண்ணாடி வீட்ல இருக்கு. நீ படி, கேக்கறேன்.”

மொத்தம் ஒரே வரி. மூன்று விநாடியில் முடிந்துவிடும். புரோகிராமர் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும்கூட விடாமல் நிதானமாகப் படிக்கிறார்.

“அவ்ளோதானா மாப்ளே?”

“இல்ல மச்சான், இன்னும் கொஞ்சம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி அதே வரியை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.