ராமலெட்சுமிக்குச் சிவப்பு

மருமகளின் லேப்டாப்பில் தன் பேரைப் பார்த்ததும் ராமலெட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. உச்சிப்புளியில் எத்தனை மாமியார் பேர் கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது?

"ஏத்தா ஈஸ்வரி, என் பேரை எதுக்குப் போட்டுருக்க?"

"யாரு யாருக்கு என்ன முறைன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்குற வேலை அத்தை. ஆன்டாலஜின்னு பேரு. அதுக்குச் சரியா ஏறிருச்சான்னு பாக்க, புரோகிராம் கோடுலயே பொம்மை ஆளுகளைச் செஞ்சு பரீட்சை வைப்போம். நம்ம வீட்டுப் பேருகளையே போட்டுட்டேன். சரின்னா பச்சை, இல்லாட்டி சிவப்பு."

அடி ஆத்தீ! மருமகள் மனுசாளையே செய்கிறாளே! ராமலெட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

'இருளாண்டி, சுரேஷுக்கு அப்பா.' புருசனுக்குப் பச்சை.

'ராமலெட்சுமி, சுரேஷுக்கு அம்மா.' சிவப்பு!

அதற்குள் மருமகளுக்கு ஆபீஸ் போன். "ஆமா சார், ராமலெட்சுமி அம்மா இல்லைன்னுதான் வருது. பெத்தவ இல்லையே..."

மீதியைக் கேட்கவிடாமல் நேவி பிளேன் ஒன்று கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. கேட்டவரைக்கும் போதாதா?

அக்கா கண்ணை மூடியபோது சுரேஷ் கைக்குழந்தை. அவனை வளர்க்கத்தான் ராமலெட்சுமி அக்கா புருசனுக்கே வாக்கப்பட்டு வந்தாள். தனக்கென்று ஒன்று பெற்றுக்கொள்ளவில்லை. ஊரார் 'சின்னம்மாக்காரி' என்றபோதெல்லாம் சிரித்துக்கொண்டே போனவள்தான். வீட்டுக்கு வந்த மருமகளும் அதையே சொன்னால் எப்படித் தாங்குவது?

அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. பக்கத்து வீட்டு மஜீதா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வீடு இடியுதா?"

"கேளு மஜீதா! பிள்ளைக்கு ஒருநாள் மூக்கைச் சிந்தி விட்டுருப்பாரா அந்த மனுசன்? அவருக்குப் பச்சையாம். மூத்திரத் துணி அலசுன எனக்குச் சிவப்பாம்!"

மஜீதாவுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "மருமகளுகன்னாலே அப்படித்தான்க்கா" என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கூச்சல். ஈஸ்வரி துள்ளிக்கொண்டு ஓடிவந்து, கரண்டியும் கையுமாக நின்ற மாமியாரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பச்சை அத்தை! ஒங்களுக்குப் பச்சையாயிருச்சு!"

"விடுத்தா என்னைய! நான் மூஞ்சியைத் தூக்குனதும் கலரை மாத்திட்டியாக்கும்?"

"மாத்தச் சொன்னது எங்க சாரு! 'ராமலெட்சுமிய எடுத்துட்டு, பெத்தவ ஒருத்தியைப் போடு, தன்னால பச்சையாயிரும், பொம்மை ஆளுதான'ன்னாரு. நான் விடுவேனா? 'ஆளு சரியாத்தான் இருக்கு சார், பெத்தவ மட்டுந்தான் அம்மாங்கிற ஒங்க சட்டந்தான் தப்பு. வளர்த்தவளும் அம்மாதான்னு சேருங்க'ன்னு ஒத்தக்கால்ல நின்னேன். சேத்துட்டாக! இனிமே பிள்ளைய வளர்த்த எந்த ஊரு சின்னம்மா பேரைப் போட்டாலும் அது அம்மான்னுதான் சொல்லும்."

ராமலெட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, மருமகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"என் தங்கம்! அதான் வளர்க்குறதையும் சட்டத்துல சேத்தாச்சுல்ல? அப்ப ஒங்க மாமாவுக்கு மட்டும் எதுக்குத்தா இன்னும் பச்சை?"