ஐந்து கால் பசு

கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

எல்லாப் பாடத்தையும் படம் போட்டுத்தான் நடத்த வேண்டும், பிள்ளைகள் ஆர்வமாகப் படிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முப்பது வருஷமாகப் பிரம்பைக் காட்டியே ஆர்வம் ஊட்டியவர் அவர்.

கடைசி பெஞ்சில், சோதனைக்கு வந்த கல்வி அதிகாரி உட்கார்ந்திருந்தார். போன தடவை வந்தபோது, 'வகுப்பில் உயிரே இல்லை' என்று எழுதிவிட்டுப் போனவர். இன்னொரு தடவை அப்படி எழுதினால் கண்காணாத ஊருக்கு மாற்றிவிடுவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியை எங்கே தூக்கிக்கொண்டு அலைவது?

நாலாம் வாய்ப்பாட்டுக்குப் பசு போட்டார். ஒரு வாரமாக வீட்டில் போட்டுப் பழகிய பசுதான். பயத்தில் பசுவின் வயிறு ஒரு பக்கம் போனது, தலை ஒரு பக்கம் போனது.

"பசுவுக்கு எத்தனை கால்? படத்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். ஐந்து கால்.

ஒரு பிள்ளைகூட மூச்சு விடவில்லை. சிரித்தால் வாத்தியார் தோலை உரித்துவிடுவாரே.

"என்ன சார், யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ஒரு கை உயர்ந்தது. வாத்தியார் எட்டிப் பார்த்தார். ஏழு நாலு இருபத்தாறு என்று சொன்னதற்காக, நேற்று நாள் முழுக்க பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினாரே, அந்த ரெட்டைப் பின்னல்காரி. சமயம் பார்த்துப் போட்டுக் கொடுக்கப் போகிறாள்.

"சார், இது தப்புக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. வாத்தியார் வேணும்னே தப்பாப் போடுவாரு. நாங்க போய்த் திருத்தணும்."

"அப்படியா? யாரு திருத்துறீங்க?"

"நான் சார், நான் சார்." நாற்பது கைகள்.

ஒருத்தி காலை அழித்தாள். ஒருவன் கொம்பை நிமிர்த்தினான். இன்னொருத்தி பக்கத்தில் ஆறு பசு போட்டாள். ஏழு நாலு இருபத்தெட்டு என்று வகுப்பே கத்தியது.

"நல்ல யோசனை சார்" என்று வாத்தியார் முதுகில் தட்டிவிட்டுப் போனார் அதிகாரி.

அவர் தலை மறைந்ததும் வாத்தியார் அவளைக் கூப்பிட்டார்.

"எனக்காக ஏம்மா பொய் சொன்னே? நேத்து உன்னை நாள் முழுக்க பெஞ்சு மேல நிக்க வச்சேனே."

அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"தப்புப் பண்ணிட்டு எல்லார் முன்னாடியும் நிக்கிறது எவ்வளவு பயமா இருக்கும்னு எனக்குத் தெரியும் சார்."