அம்மாவின் திரையில் இருந்த பெயர்கள்

மழைக்காலம் என்று நினைக்கிறேன். என் நினைவு தவறாகவும் இருக்கலாம். வீட்டுக் கருவிகள் அப்போது அவரவர் பேச்சைக் கேட்டுப் பழகி, அவரவருக்கு எளிதான பெயர்களையே திரையில் காட்டின. அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது அம்மா மட்டும் உடன் இருந்தாள். நான் அலுவலகத்திலிருந்து போனில் பேசினேன்.

“அம்மா, அப்பாவோட மூச்சுக் கருவியில ‘ஆக்சிஜன்’னு இருக்கும். அதை அமுக்கு.”

“அப்படி ஒண்ணும் இல்லியேடா. ‘அது’ன்னு இருக்கு. ‘அவரோடது’ன்னு இருக்கு. ‘அன்னிக்கு வாங்கினது’ன்னு ஒண்ணு.”

“இதுல ஆக்சிஜன் எதும்மா?”

“எனக்கென்ன தெரியும்? எல்லாம் நான் சொல்ற பேராம். எனக்கே புரியல.”

மூன்றில் ஒன்று கருவியையே நிறுத்திவிடும். அம்மா அந்தப் பெயர்களை அப்பாவுக்குப் படித்துக்காட்டுவது கேட்டது.

“அன்னிக்கு வாங்கினது,” என்றார் அப்பா, திணறலுக்கு நடுவே.

கருவி இரையத் தொடங்கியது.

அப்பா அதன்பின் சில ஆண்டுகள் இருந்தார். அம்மா இப்போது எங்களோடு இருக்கிறாள். அவள் எதையாவது எடுத்துத் தரச் சொன்னால், எதை என்று எங்கள் யாருக்கும் புரிவதில்லை.