இரண்டாவது ஆள்

வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு மின்சார மலை சைக்கிளில் மருந்து கொண்டுபோகும் லூர்துமேரிக்கு ஒரு மாதமாகவே ஏற்றத்தில் செயின் நழுவியது. சைக்கிள் மெக்கானிக் காதர் பாய் தேய்ந்த செயினையும் பல்சக்கரங்களையும் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். மிதிக்கிற விதத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டு, அதற்கேற்ப இழுவை கொடுக்கும் மோட்டார் அது. சைக்கிளின் திரையைப் பார்த்தவர் கேட்டார்.

"ரெண்டு பேரு ஓட்டுனதா காட்டுதே அக்கா. இன்னொருத்தர் யாரு? தெரிஞ்சாத்தான் புது செயினோட மோட்டாரை அவங்க மிதிக்குப் பழக்க முடியும்."

"யாருமில்லையே பாய்."

சொல்லும்போதே, வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் கொழுந்தன் ஸ்டீபனின் முகம் மனதில் வந்தது. அவள் அசந்த நேரத்தில் அவன்தான் எடுத்துப்போய்ச் செயினைத் தேய்த்திருக்கிறான் என்று நினைத்தாள். அன்று மாலையே சண்டை போட்டாள்.

"உங்க சைக்கிள நான் தொட்டதே இல்ல அண்ணி," என்று அவன் அழாத குறையாகச் சொன்னதை அவள் நம்பவில்லை. சைக்கிளை அறைக்குள் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

மறுவாரம் பாயிடம் போனாள். அந்த வாரம் முழுக்க இரண்டாவது ஆள் மட்டுமே ஓட்டியதாகத் திரை காட்டியது.

பாய் பழைய பதிவுகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நாலு மாசமா இடது காலோட அழுத்தம் கொஞ்சங்கொஞ்சமா குறைஞ்சு பாதியாயிருச்சு. ரெண்டு பேரும் நீங்கதான் அக்கா."

இடது செருப்பு மட்டும் ஏன் அடிக்கடி கழன்று விழுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மோட்டாரை யாருக்குப் பழக்கட்டும்?" என்று கேட்டார் பாய்.

"இப்போதைக்கு இந்த ரெண்டாமவளுக்கே பழக்குங்க. பழையவள அழிச்சிராதீங்க."

வெளியே வந்து ஸ்டீபனுக்கு போன் செய்தாள். "ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர்றியாப்பா?"

"எங்க நிக்கிறீங்க அண்ணி?" என்றான் அவன்.